கறுப்பாய் விழுந்த பச்சைப்பட்டு

செல்லூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்த விருமாண்டியின் கைகளைப் பார்த்தே அன்றைக்கு என்ன சாயம் ஓடுகிறது என்று தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். நூல் கழிகளைக் கொதிக்கிற தொட்டியில் முக்கி முக்கி எடுக்கிற வேலை. நீலம் என்றால் முழங்கை வரைக்கும் நீலம், மஞ்சள் என்றால் காமாலை கண்டவன் மாதிரி மஞ்சள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. இப்படி வாரம் முழுக்க நிறத்திலேயே ஊறிக் கிடந்தவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்பையும் வெள்ளையையும் தேடிக்கொண்டு மதுரைத் தெருக்களில் ஓடினான் என்றால் அதைக் கிறுக்கு என்பதா, பரிகாரம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் கிறுக்கு என்றுதான் சொன்னது.

அவன் கையில் இருந்தது ஒரு பெட்டி கேமரா. காஜிமார் தெருப் பக்கம் ஒரு சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்துல் அலீம் அவன் வயதுக்காரன், உயிர்ச் சிநேகிதன். யாரோ ஒரு துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போனது என்று சொல்லி அந்தப் பெட்டியை அவன் தலையில் கட்டியவன் அலீம்தான். கட்டிய நாளிலிருந்து அதற்காக வருத்தப்பட்டவனும் அவனே.

முப்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போதெல்லாம் போட்டோ என்றால், தலையில் எண்ணெய் வழிய வழிய வாரிக்கொண்டு, வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு, துணியில் வரைந்த மாளிகைக்கு முன்னால் முக்காலியைப் பிடித்தபடி மூச்சடக்கி நிற்பது. கல்யாணத்துக்கு ஒன்று, செத்தபிறகு சுவரில் மாட்ட ஒன்று. அதிலும் ஒருத்தர் சிரித்துப் பார்க்க முடியாது. எல்லாரும் கடன்காரனைக் கண்டது போலவே இருப்பார்கள். தெருவில் போகிற முன்பின் தெரியாதவனைப் படம் பிடிக்க ஒருத்தன் கைக்காசைச் செலவழிப்பான் என்று மதுரையில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

விருமாண்டி அதைத்தான் செய்தான். உச்சி வெயில் வந்தால் அவனுக்கு உள்ளங்காலில் நெருப்புப் பற்றிக்கொள்ளும். வெயில் சாய்ந்தால் மாசி வீதியில் சுண்ணாம்பு அடித்த சுவர் மேல் குதிரையைவிடப் பெரிய குதிரை நிழல் ஓடும். ஜட்கா போய்விடும், நிழலைத் துரத்திக்கொண்டு இவன் ஓடுவான். புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே இருட்டுக்குள் தையற்காரர் மடியில் ஒரு முழ வெயில் விழுந்து வெள்ளைத் துணி பற்றி எரிகிற மாதிரி இருக்கும். இவன் வாயைப் பிளந்து நிற்பான். ஒருநாள் குடை பிடித்த வக்கீல் ஒருவரின் நிழலைப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போய், விளக்குத்தூண் பக்கம் சாக்கடையில் இறங்கிவிட்டான். இடுப்பளவுச் சாக்கடைக்குள் நின்றுகொண்டு, பெட்டியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அப்படி ஒரு சிரிப்பு சிரித்தானாம்.

அந்தப் பெட்டியை முகத்துக்கு நேரே வைக்க வேண்டியதில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் இவன் படம் பிடிக்கிறான் என்றே யாருக்கும் தெரியாது. சிம்மக்கல்லில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற கிழவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"என்னய்யா, சோத்துல பல்லி விழுந்திருச்சா? அம்புட்டு நேரமா டப்பாவுக்குள்ளயே உத்துப் பாக்குற?"

படச்சுருளைக் கழுவித் தருவது அலீம். கோடையில் மதுரைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுக்கிறவர்களின் படத்துக்கு ஐஸ் வாங்கிப் போட்டுத் தண்ணீரைக் குளிர வைப்பான். இந்த ஓசிக் கிராக்கிக்கு ஐஸாவது ஒன்றாவது? சுடுதண்ணீரிலேயே முக்கி எடுப்பான். வெந்த படம் வேறு மாதிரி வரும். கறுப்பு என்றால் அடுப்புக்கரி, வெள்ளை என்றால் சுண்ணாம்பு, நடுவில் ஒன்றும் கிடையாது.

"டேய் மாப்ள, மூஞ்சி எங்கடா? பாதியத் தின்னுருச்சே நிழலு. யா அல்லா, இதை யாருகிட்டயாச்சும் காட்டிராத, என் கடைப் பேரு கெட்டுரும்" என்பான் அலீம்.

விருமாண்டிக்கோ அதுதான் பிடித்திருந்தது. வாரம் முழுக்கச் சாயம் பார்த்த கண் அந்தக் கறுப்பு வெள்ளையில் குளித்துவிட்டு வந்தது போல இருக்கும். ஈரம் காயாத படத்தை வைத்துக்கொண்டு சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு கல்யாணம் நிச்சயம் ஆக வேண்டியிருந்தது. எழுமலையில் அவன் தாய்மாமன் நல்லகாமன், அத்தை ஒச்சாயி, அவர்கள் மகள் செல்லக்கிளி. முறைப்பெண். முறை இருக்கிறது என்பதற்காக மட்டுமில்லை, செல்லக்கிளியை நினைத்தால் அவனுக்குச் சாயத்தொட்டியிலேயே கை நின்றுவிடும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கிணற்றடியில் வழிமறித்துக் கேட்டாள்.

"ஏன் மச்சான், தெருவுல போற மாட்டையெல்லாம் படம் புடிக்கிறீகளாமே. என்னைய மட்டும் கண்ணு தெரியலையாக்கும்?"

"நீ தெருவுல போறதில்லையே கிளி."

"இங்கனக்குள்ளயே கெடந்தா எப்பிடிப் போறது? மதுரைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க, போறேன்."

பெண் சம்மதம் இதைவிட வேறெப்படிக் கிடைக்கும்? பிரச்சினை மாமனிடம் இருந்தது. நல்லகாமன் நல்ல மனுஷர்தான், ஆனால் அழகர் பச்சைப்பட்டு கட்டாத வருஷத்தில் தன் வீட்டில் பந்தக்கால் நடுவதில்லை என்று சத்தியமே செய்திருந்தார். சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதற்கு முன் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பட்டை எடுப்பார்கள். அகப்பட்டது பச்சை என்றால் வருஷம் செழிக்கும், சிவப்பு என்றால் பொல்லாத வருஷம். நல்லகாமனுக்குக் கல்யாணம் நடந்தது சிவப்புப் பட்டு வருஷத்தில். அந்த வருஷம் மழை பொய்த்தது, கிணறு வற்றியது. பிற்பாடு மழை பெய்து கிணறு நிறைந்துவிட்டது என்றாலும், வீட்டில் எது நடந்தாலும் அவர் அந்தச் சிவப்பின் மேலேதான் பழி போட்டார். ஒச்சாயி நாலு வார்த்தை கூடப் பேசினாலும் அதற்கும் அந்தப் பட்டுதான் காரணம்.

"என் வாய்க்கும் அழகர் பட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று ஒச்சாயி கேட்பாள்.

"பாத்தியா, பேசுற பாரு" என்பார் அவர்.

அந்தச் சித்திரையில் எழுமலைப் பக்கத்து மாடுகளுக்குக் கோமாரி. வண்டி பூட்ட வழியில்லை. நல்லகாமனுக்கோ முழங்கால் வீக்கம். ஊரிலிருந்து போனவர் ஒரே ஒருவர்தான், ஒச்சாயியின் அண்ணன் காளை. சிரித்தே யாரும் பார்த்திராத மனுஷர். வேப்பெண்ணெய் குடித்த முகம். அவர் சிரித்தால் மழை வரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். செல்லக்கிளி அவனுக்கும் முறைதான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆற்றுக்குள் அன்றைக்கு விருமாண்டி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. செல்லூர்க்காரன், விடியுமுன்பே மணலில் இறங்கிவிட்டான். இருட்டு, தீவட்டி, ஜன வெள்ளம். தங்கக் குதிரையில் அழகர் வந்தபோது கழுத்து வரைக்கும் மாலை. பட்டின் ஓரம்கூடத் தெரியவில்லை. "சேப்புடா!" என்றான் ஒருத்தன். "ஊதா மாதிரியில்ல இருக்கு" என்றான் இன்னொருத்தன். விருமாண்டிக்கு உயிரே கையில் இல்லை. வெயில் ஏறியது, மாலை ஒதுங்கியது, சாயப்பட்டறைக்காரன் கண்ணுக்கு அரை நொடி போதாதா? பச்சை! நல்ல கரும்பச்சை, நெல் பயிர் கதிர் விடுமுன் நிற்குமே அந்தப் பச்சை!

"பச்சை! பச்சை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அந்த ஆளும், கல்யாணம் யாருக்கு என்று கேட்காமலே, இவனைத் திருப்பித் தூக்கினார். கையில் பெட்டி இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சூரியன் அழகருக்குப் பின்னால் நின்றது. அதையெல்லாம் யார் பார்த்தது? வயிற்றோடு வைத்து விசையைத் தட்டினான்.

சாமிக்கு ஒன்று ஆயிற்று. அப்போது அழகர் வேஷம் கட்டியவர்கள் தோல் துருத்தியை அழுத்தித் தண்ணீரைப் பீய்ச்சத் தொடங்க, ஜனங்கள் மேல் அது வெள்ளியாய் வந்து விழுந்தது. விருமாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மிச்சமிருந்த ஏழு படத்தையும் ஆசாமிகளுக்கே செலவழித்தான். நனைந்த தலைகள், தூக்கிய கைகள், கறுத்த முகங்களில் பளிச்சென்று பல். யாரை எடுக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது.

அலீம் கழுவித் தந்த படங்களில் சாமி படத்தை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குதிரை வெள்ளை, வானம் வெள்ளை, பட்டு கன்னங்கரேல். ஆனால் விருமாண்டிக்கு அது கறுப்பாகத் தெரியவே இல்லை. எடுத்தவன் கண்ணில் பச்சை இருக்கிறது, அதனால் படத்திலும் பச்சைதான் இருந்தது. சந்தோஷத்தில் அலீமும் அதைக் கவனிக்கவில்லை. "கல்யாணத்துக்கு நான்தான்டா படம் எடுப்பேன்" என்று சொல்லி, தேநீர் வரவழைத்தான்.

இதற்கிடையில் ஊர் திரும்பிய காளை, "சிவப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். உசிலம்பட்டிச் சந்தையில் விசாரித்தால், மதுரைக்கும் எழுமலைக்கும் நடுவே எத்தனை வாய் இருந்ததோ அத்தனை நிறம் வந்தது. விருமாண்டி பச்சை என்று சொல்லியனுப்பியதை மாமன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு அவசரப்படுகிறவன் வேறு என்ன சொல்வான்? ஆனால் படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனுசன் பொய் சொல்வான், படம் சொல்லாது. கொண்டாரச் சொல்லு" என்றார்.

விருமாண்டி பறந்தான். உசிலம்பட்டி வரைக்கும் பஸ், அதற்கப்புறம் நடை. கரிசலில் காய்ந்த வெயிலும், ஒற்றைப் புளியமரத்து நிழலும் வா வா என்று கூப்பிட்டன. அன்றைக்கு அவன் நின்று பார்க்கவில்லை. பாதி தூரம் ஓட்டமும் நடையுமாகத்தான் போனான்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். காளையும் இருந்தார். மாமன் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார், கும்பிட்டார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"என்ன மாப்ள, கறுப்பா இருக்கு?"

விருமாண்டி எட்டிப் பார்த்தான். அப்போதுதான், அந்த நொடியில்தான், அவன் தன் படத்தைப் பிறத்தியார் கண்ணால் பார்த்தான். கறுப்பு. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

"சிவப்பே பொல்லாதது" என்றார் நல்லகாமன். "கறுப்பு வேறயா? ஊரைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்."

"மாமா, படத்துல நெறமே வராது மாமா!" விருமாண்டி பதறினான். சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரில் மாமனும் அத்தையும் நிற்கிற படம் மாட்டியிருந்தது. அவன் எடுத்ததுதான். பாய்ந்து போய் அதைக் காட்டினான். "இந்தா, அத்தை கட்டியிருக்கிறது என்ன சேலை? சொல்லுங்கத்தே!"

"என் சிவப்புக் கண்டாங்கியில்ல" என்றாள் ஒச்சாயி.

"படத்துல எப்பிடி இருக்கு? கறுப்பாத்தானே இருக்கு!"

வென்றுவிட்டேன் என்று நினைத்து மாமன் பக்கம் திரும்பினான். நல்லகாமன் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்பச் சரியாப் போச்சு. சிவப்புதான் கறுப்பா விழுகும். மச்சான் சொன்னதுதான் நெசம்."

காளை துண்டை உதறித் தோளில் போட்டார். விருமாண்டி நின்ற இடத்திலேயே மரமாகிப் போனான். கரும்பச்சையும் கறுப்பாகத்தான் விழும் என்று அதற்குப் பிறகு அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சொந்தக் கையால் எடுத்த படமே தன் கல்யாணத்தைத் தின்றுவிட்டது. அழுகை வந்தது. அவ்வளவு பேர் முன்னால் அழ வெட்கமாகவும் இருந்தது.

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற செல்லக்கிளி கேட்டாள்.

"ஒரு சுருளுக்கு எட்டுப் படம்னு சொன்னீகளே மச்சான். மிச்சம் எங்க?"

"அது ஒண்ணுமில்ல கிளி. சும்மா தெருச்சனம்."

"சும்மா எடுத்ததையும்தான் பாப்பமே."

பையிலிருந்து கூச்சத்தோடு உறையை எடுத்துக் கொடுத்தான். யாரென்றே தெரியாத ஜனங்களின் படத்தைக் கொண்டுவந்து காட்டுவது அவர்கள் வீட்டில் வழக்கமே இல்லை. "இவுக நமக்கு என்ன வேணும்?" என்று அத்தை கேட்பாள். செல்லக்கிளி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். தண்ணீர், கை, பல். தண்ணீர், தலை, பல். ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. குனிந்து பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அம்மா... இங்க வாயேன். இது யாருன்னு பாரு."

ஒச்சாயி வந்து பார்த்தாள். "ஆத்தாடி!" என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

படத்தின் நடுவில் காளை. கரிய முகம், அதில் பாதி நிழலுக்குள். தலைமுடியில் தண்ணீர் சொட்டுகிறது. இரண்டு கையையும் உச்சிக்கு மேல் தூக்கிக் கும்பிட்டிருக்கிறார். வாய் காதுவரைக்கும் விரிந்து, கடைவாய்ப் பல் வரைக்கும் ஒன்று விடாமல் வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. பத்து வயசுப் பையன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.

நல்லகாமன் படத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏன் மச்சான், சிவப்பைப் பாத்தா எவனாச்சும் இப்பிடிச் சிரிப்பானா?"

காளை எழுந்து வந்தார். கையை நீட்டிப் படத்தை வாங்கினார். கோபப்பட்டுக் கிழித்துவிடுவாரோ என்று விருமாண்டி பயந்தான். அவர் அதை முகத்தருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், ஒரு விரலால் அந்தப் பல்லைத் தொட்டார்.

"இது நானா?" என்று கேட்டார்.

"நீதாண்ணே" என்றாள் ஒச்சாயி.

"நான் சிரிச்சா இப்பிடியா இருப்பேன்?"

அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அவருக்குக் கண் கலங்கியதை விருமாண்டி பார்த்தான். அந்த மனுஷர் தன் சிரிப்பைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. யார் அதை எடுத்து அவரிடம் காட்டினார்கள்?

"பச்சைதான்" என்றார் காளை கடைசியில், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "நல்ல பச்சை. என் மகனுக்காக ஒரு பொய்யச் சொல்லிப்புட்டேன். பந்தக்காலை நடுங்க." கொஞ்சம் பொறுத்து, "இதை நான் வச்சுக்கிறலாமா மாப்ள?" என்று கேட்டார்.

ஆவணியில் கல்யாணம். சொன்னபடி அலீம் முக்காலி கேமராவோடு வந்து, "அசையாதீக, சிரிக்காதீக" என்று அதட்டி அதட்டி ஒரு படம் எடுத்தான். அதில் எல்லாரும் கடன்காரனைக் கண்டது போலவே இருக்கிறார்கள். அந்த வருஷம் மழை பச்சைக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் பெய்யவில்லை. நல்லகாமன் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

செல்லக்கிளி மதுரைத் தெருவில் நடந்தாள், விருமாண்டி படம் பிடித்தான். தண்ணீர்க் குடத்தோடு, குடையோடு, பிறகு இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, பாதி வெயிலிலும் பாதி நிழலிலும். காளை பல வருஷம் கழித்து, உலகச் சண்டையெல்லாம் முடிந்த பிறகு காலமானார். சுவரில் மாட்ட அவருடைய படம் வேறு ஒன்றும் வீட்டில் இல்லை. இருந்ததைத்தான் கண்ணாடி போட்டு, குங்குமம் வைத்து, மாலை சாத்தினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பல். அழ வந்த ஒச்சாயி, "அண்ணே..." என்று இழுத்தவள், படத்தைப் பார்த்துவிட்டு அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் முழுக்க அது தொற்றிக்கொண்டது.

விருமாண்டியின் மகள் அப்போது அரைப்பாவாடை கட்டுகிற வயசு. படத்துக்கு நேரே போய் நின்றுகொண்டு கேட்டாள்.

"இந்தத் தாத்தா எதைப் பாத்தும்மா சிரிக்கிறாரு?"

"பச்சையப் பாத்து" என்றாள் செல்லக்கிளி.

கரியும் சுண்ணாம்புமாக இருந்த அந்தப் படத்தைப் பிள்ளை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தலையை ஆட்டியது.

"ஆமா" என்றாள். "தெரியுது."